சின்ன வயதில் இதய ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இன்னும் செக்கப் தேவையா?

களியக்காவிளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தங்கைக்கு 3 வயதில் திருவனந்தபுரத்தில் ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆனது, இப்போது 24, கல்யாணம் பேசுகிறோம், இன்னும் செக்கப் வேண்டுமா என்று.

கட்டாயம் வேண்டும், ஆயுள் முழுக்க. அந்த ஆபரேஷனில் கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் குறுகிய வழியை அகலப்படுத்துவார்கள். நகமும் உதடும் நீலம் பாரிப்பது நின்றதும், நோயே போய்விட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அகலப்படுத்திய இடத்தில் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் வலது கீழறைக்கே திரும்பக் கசிவது சகஜம். பல வருஷம் எந்தத் தொந்தரவும் தெரியாது. அறை மெல்ல மெல்லப் பெரிதாகும். அப்புறம்தான் மூச்சு வாங்கும், படபடக்கும். அதற்கு முன்பே எக்கோவும் ஈசிஜியும் காட்டிக்கொடுக்கும். அறையின் அளவைத் துல்லியமாகச் சொல்வது எம்ஆர்ஐ. தேவைப்பட்டால் புது வால்வு வைப்பார்கள்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். என் அக்கா மகனுடையது டிரங்குப் பெட்டியில் கிடந்தது. என்ன ஆபரேஷன் என்ற வரி மட்டும் மடிப்பில் கிழிந்து போயிருந்தது.

கல்யாணத்துக்கு இது தடையில்லை. மாப்பிள்ளை வீட்டில் மறைக்காதீர்கள். கர்ப்பத்துக்கு முன்பே இதய மருத்துவரைப் பார்க்கட்டும். ஐந்தாம் மாத வாக்கில் குழந்தையின் இதயத்துக்கும் ஒரு எக்கோ எடுப்பார்கள்.