சித்தி மேடையேற வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் சேகரத்தில் சென்ற வாரம் வாலிபர் கூடுகையில் ஒரு காணொளி போட்டார்கள். 2015இல் அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரத்தில், ஆலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட போதகருக்கு நடந்த நினைவு ஆராதனை. ஒபாமா பேசிக்கொண்டே வந்து "அமேசிங் கிரேஸ்" பாட்டைப் பாட ஆரம்பிக்கிறார், மொத்த அரங்கமும் எழுந்து கூடப் பாடுகிறது. "இரண்டே நாளில் மன்னித்தார்கள், ஊரே ஒன்றானது, இதுதான் கிறிஸ்தவம்" என்று சொல்லி முடித்தார்கள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

போன வருஷம் என் சித்தப்பா வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டு இறந்தார். வெட்டியவரும் எங்கள் சபைதான். அவர்கள் குடும்பம் ஆலயத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்காரும். வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம். பந்தல் போட்டுப் பெரிதாக நடத்தப் போகிறார்கள். அதில் சித்தி மேடையேறி "மன்னித்துவிட்டேன்" என்று சொன்னால் சபையில் ஒற்றுமை வரும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சித்திக்கு ராத்திரி தூக்கமே இல்லை. மன்னிக்க முடியவில்லை என்றால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா? சார்லஸ்டன்காரர்களால் முடிந்தது சித்தியால் ஏன் முடியவில்லை?

ம.

அன்புள்ள ம.,

முதலில் சித்தியிடம் போய் இதைச் சொல்லிவிடுங்கள்: அவர் மேடையேற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வேதம் அப்படிக் கேட்கவில்லை. நீங்கள் பார்த்த சார்லஸ்டனிலும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அந்தக் காணொளியில் இருப்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை விட்டுவிட்டு அந்தப் பாட்டை மட்டும் காட்டினால், உங்கள் ஊர்ப் பெரியவர்கள் புரிந்துகொண்ட மாதிரிதான் எவருக்கும் புரியும்.

2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு. இமானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையில் வேதபாட வகுப்பு. மாற்கு 4ஆம் அதிகாரம், விதைக்கிறவன் உவமை. 21 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் உள்ளே வந்தான். வரவேற்று, போதகர் கிளெமென்டா பிங்க்னியின் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்தான். கடைசி ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடியபோது சுட ஆரம்பித்தான். ஒன்பது பேர் செத்தார்கள். மூத்தவர் சூசி ஜாக்சனுக்கு வயது 87, இளையவர் டைவான்சா சாண்டர்ஸுக்கு 26. கறுப்பர்கள் என்பதுதான் காரணம். அவன் அதை மறைக்கவும் இல்லை.

டைவான்சாவின் தாய் பெலிஷியா சாண்டர்ஸும் அந்த அறையில்தான் இருந்தார். 11 வயதுப் பேத்தியை மேஜைக்கு அடியில் இழுத்து, சத்தம் வராதபடி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அந்த இறுக்கத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடுமோ என்று பயந்ததாகப் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார். தரையில் ஓடிய ரத்தத்தைத் தன்மேல் பூசிக்கொண்டு செத்தவர் மாதிரிக் கிடந்தார். கண்ணெதிரே மகன் செத்தான்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 19 அன்று, ஜாமீன் விசாரணை. குற்றவாளி அந்த அறையில் இல்லை, சிறையிலிருந்து திரையில் தெரிந்தான். இறந்தவர்களின் குடும்பத்தார் பேசலாம் என்று நீதிபதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எத்தெல் லான்ஸின் மகள் நடீன் கோலியர் முதலில் பேசினார். இனி அம்மாவோடு பேசவே முடியாது, அவரைக் கட்டிப்பிடிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டு, உன்னை மன்னிக்கிறேன் என்றார். மைரா தாம்சனின் கணவர் ஆன்டனி தாம்சன் வாயே திறப்பதில்லை என்ற முடிவோடு வந்தவர். அவரும் எழுந்து, மன்னிக்கிறேன், நீ மனந்திரும்பு என்றார். டிபெய்ன் மிடில்டனின் சகோதரி, தனக்கு மிகுந்த கோபம் இருக்கிறது என்பதை மறைக்கவே இல்லை. ஆனாலும் வெறுப்புக்குத் தங்கள் குடும்பத்தில் இடமில்லை, அதனால் மன்னித்தாக வேண்டும் என்றார்.

யாரும் அவர்களை ஒத்திகை பார்க்க வைக்கவில்லை. சொன்னால் சபை ஒன்றாகும், ஊர் அடங்கும் என்று கணக்குப் போட்டு எந்தப் பெரியவரும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரவில்லை. அந்த வார்த்தைகளுக்கு இருந்த பலம் அதனால்தான்.

அப்புறம், "இரண்டே நாளில் மன்னித்தார்கள்" என்று உங்கள் கூடுகையில் சொன்னது பாதிதான். நடீனின் உடன்பிறந்த அக்கா ஷேரன் ரிஷர், அவரே ஒரு போதகர். அவரால் அன்றைக்கு மன்னிக்க முடியவில்லை, அதை வெளிப்படையாகவும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகித்தான் அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது. ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே ஞாயிறு பள்ளி, ஒரே வேதம். ஒருத்திக்கு இரண்டு நாள், இன்னொருத்திக்கு இரண்டு வருஷம். இன்றுவரை மன்னிக்காதவர்களும் அந்தக் குடும்பங்களில் உண்டு. ஷேரனுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? உங்கள் சித்திக்கு ஆகியிருப்பது ஒரு வருஷம்.

இப்போது அந்த நினைவு ஆராதனைக்கு வருகிறேன். பிங்க்னி போதகர் மட்டுமல்ல, தென் கரோலினா மாநில செனட் உறுப்பினரும்கூட. ஜூன் 24 அன்று அவர் உடலைக் குதிரை வண்டியில் ஏற்றி மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் அஞ்சலிக்கு வைத்தார்கள். அதே வளாகத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி பறந்துகொண்டிருந்தது. சட்டமன்றம் தீர்மானிக்காமல் அதைத் தொடக்கூட முடியாது என்று சட்டம். துக்கத்துக்காக மற்ற கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின, அது மட்டும் உச்சியிலேயே நின்றது. உடல் வைத்திருந்த மண்டபத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்று, ஜன்னலில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள்.

இதை எப்போது நினைத்தாலும் எனக்கு உங்கள் ஊர்ப் பந்தல் மாதிரிக் கூட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கொன்றதற்கான காரணம் வெளியே அப்படியே இருக்கும். நாம் உள்ளே திரையைப் போட்டுக்கொண்டு சமாதானப் பாட்டுப் பாடுவோம். ஜனங்களின் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்கி, சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் சமாதானம் என்று சொல்கிறவர்கள்மேல் எரேமியா தீர்க்கதரிசிக்கு வந்த கோபம் சும்மா வந்ததல்ல.

ஜூன் 26 அன்று நடந்த ஆராதனை அப்படி இல்லை. சார்லஸ்டன் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், மேடையில் ஊதா அங்கி அணிந்த பேராயர்கள். ஒபாமா பேச எடுத்துக்கொண்ட பொருள் கிருபை. நாம் சம்பாதிக்காமலேயே தேவன் தருவது கிருபை என்றார். ஆனால் அதே மூச்சில் அந்தக் கொடியைப் பற்றியும் பேசினார். அந்தப் போர்வீரர்கள் எதற்காகச் சண்டையிட்டார்களோ அந்த நோக்கம், அதாவது அடிமை முறை, தவறு என்று ஒப்புக்கொள்வதுதான் கொடியை இறக்குவதன் பொருள் என்றார். துப்பாக்கிகளைப் பற்றிப் பேசினார். வறுமையைப் பற்றிப் பேசினார். அழுது முடித்துவிட்டுப் பழைய வழக்கத்துக்கே திரும்பிப் போனால், அந்தக் குடும்பங்கள் தந்த மன்னிப்பை நாமே மறுத்ததாக ஆகும் என்றார். இவ்வளவும் சொன்ன பிறகுதான் நீங்கள் பார்த்த அந்த இடம் வருகிறது. பேச்சை நிறுத்தி, கொஞ்ச நேரம் தலைகுனிந்து மௌனமாக நின்று, பாட ஆரம்பிக்கிறார். பின்னால் இருந்த பேராயர்கள் எழுகிறார்கள், ஆர்கன் சேர்ந்துகொள்கிறது. பாட்டு முடிந்ததும் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்.

அந்தப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலில் வேலை பார்த்தவர், பிற்பாடு அந்த வியாபாரத்தையே எதிர்த்தவர். வட அமெரிக்காவுக்குப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் கணிசமான பகுதியினர் கரை இறக்கப்பட்டது சார்லஸ்டன் துறைமுகத்தில். அந்த ஊரில் அந்தப் பாட்டைப் பாடும்போது அழாமல் எப்படி இருப்பது? நானும் பார்க்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். உங்கள் கூடுகையில் அழுதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜூலை 10 அன்று கொடி இறங்கியது. ஒற்றுமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த நாட்களில் சார்லஸ்டன் பாலத்தின்மேல் ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து நின்றார்களே, அதுவும் நல்லதுதான். ஆனால் பல வருஷமாக அந்தக் கொடிக்காக வாதாடிய சட்டமன்ற உறுப்பினர்களில் சிலர் எழுந்து அதற்கு எதிராக வாக்களித்தார்கள் பாருங்கள், அதில்தான் எதிர்த்தரப்புக்கு ஏதோ செலவானது. உங்கள் சபை கேட்கும் ஒற்றுமையில் செலவு முழுவதும் சித்தியின் தலையில் விழுகிறது. வெட்டியவர் குடும்பத்திடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? வரப்பு இப்போது எங்கே இருக்கிறது?

இன்னொன்று. அந்தக் குடும்பங்கள் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. 2016 டிசம்பரில் 33 குற்றச்சாட்டுகளிலும் அவன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, 2017 ஜனவரியில் மரண தண்டனை. பின்னணிச் சோதனையில் நடந்த தவறால்தான் அவன் கையில் துப்பாக்கி கிடைத்தது. அதற்காகக் குடும்பத்தார் அமெரிக்க அரசின்மேலேயே வழக்குப் போட்டார்கள். 2021இல் அரசு 8.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மன்னிப்பும் வழக்கும் ஒரே குடும்பங்களிலிருந்துதான் வந்தன. ஆகவே "மன்னிப்பதாக இருந்தால் வழக்கை வாபஸ் வாங்கு" என்று யாராவது சித்தியிடம் சொன்னால், சார்லஸ்டனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தண்டனை அறிவித்த நாளில் பெலிஷியா சாண்டர்ஸ் மறுபடி பேசினார். தோட்டா துளைத்த, ரத்தக்கறை படிந்த தன் வேதாகமத்தைக் கையில் எடுத்து வந்திருந்தார். உன்னை மன்னித்தேன் என்று சொன்னார். கூடவே, நீ செய்ததால் என்னால் ஜெபத்தில் கண்ணை மூட முடியவில்லை, சுற்றி இருப்பவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். மன்னித்தவரின் வாழ்க்கை இது. மன்னித்த பிறகும் பயம் போகவில்லை. சித்திக்குத் தூக்கம் வராததை அவிசுவாசம் என்று எவராவது சொன்னால், இந்த அம்மாவை அவர்களுக்குக் காட்டுங்கள். அவனோ கடைசிவரை வருத்தப்படவே இல்லை. அவன் வருந்துவான் என்று காத்திருக்காமலேயே அவர் கொடுத்ததால்தான் அதை என்னால் சாதாரண மனுஷ காரியமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கிருபை என்று நான் விசுவாசிக்கிறேன். கிருபையைத் தேதி குறித்து, மைக் வைத்து வரவழைக்க முடியாது.

வேதத்தைப் பற்றியும் கேட்டீர்கள். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னது இயேசுதான், அதை நான் தளர்த்தப் போவதில்லை. சித்தி ஒருநாள் அங்கே வந்து சேர வேண்டும் என்றுதான் என் ஜெபமும். ஆனால் மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னது யாரை? யார்மேல் குறை இருக்கிறதோ அவரை. நடந்து போக வேண்டியது தீங்கு செய்தவர்கள். சகேயுவும் ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றுதான் ஆரம்பித்தான். பெரியவர்கள் முதலில் இரண்டு வரிசை தள்ளி இருக்கிற அந்த வீட்டுக்குப் போகட்டும்.

நினைவுக் கூட்டம் நடக்கட்டும், அதில் தப்பில்லை. சித்தப்பா எப்படிப்பட்ட மனிதர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் பேசட்டும். அவர் எப்படி இறந்தார் என்பதையும் மழுப்பாமல் ஒருவர் சொல்லட்டும். இரண்டு குடும்பங்களுக்காகவும் குருவானவர் ஜெபிக்கட்டும், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் சித்தியின் பெயர் அச்சாகியிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அன்றைக்கு அவராகவே எழுந்து ஏதாவது சொன்னால் அது வேறு.

உங்கள் குருவானவருக்கு நான் ஒரு கடிதம் எழுதலாம் என்று தோன்றுகிறது. சித்தியிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் முகவரி அனுப்புங்கள், இந்த வாரமே எழுதுகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.