நார்னியா கதைகளில் விசுவாசப் பாடம்: எப்போது, எப்படிச் சொல்வது?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பத்து வயதையொட்டிய பிள்ளைகளுக்கு நார்னியா கதைகளைப் படித்துக் காட்டுகிறேன். ‘கதையில் வரும் சிங்கமான அஸ்லான் என்பது இயேசுதான்’ என்று நான் விளக்கியவுடன் அவர்களுடைய ஆர்வம் வடிந்துவிடுகிறது. விசுவாசப் பாடத்தை வேறு எப்படி எடுத்துரைக்கலாம்?

பதில்: கதையை விடுகதையாக்கி, அதன் விடையையும் நீங்களே சொல்லிவிடுவதால்தான் ஆர்வம் வடிகிறது. ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற தமிழ்க் காப்பியத்துக்கு மூலமான, ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் நூலில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு குணத்தின் பெயரையே தாங்கி வருவதால், அங்கே அப்படிப் பொருள் சொல்வது பொருந்தும். 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக நார்னியா கதைகளை வெளியிட்ட சி. எஸ். லூயிஸோ, அவற்றை உருவகக் கதைகள் என்று அழைப்பதை ஏற்கவில்லை. அப்படியோர் உலகம் இருந்து, மீட்பர் அங்கும் வந்தால் என்ன நடக்கும் என்ற கற்பனையாகவே அவற்றைக் கருதினார். மேலும், ‘இப்படித்தான் உணர வேண்டும்’ என்ற கட்டாயமே பக்தி உணர்வை உறைய வைத்துவிடுகிறது என்பதும் அவருடைய கருத்து.

ஆகவே முதலில் கதையை முடித்துவிடுங்கள். பிறகு பாத்திரத்தின் செயலைப் பற்றி மட்டும் கேளுங்கள். 1952-இல் வந்த மூன்றாம் நூலில், புதையலின் மேல் பேராசையோடு உறங்கி டிராகனாகிவிடும் யூஸ்டஸ், தன் தோலைத் தானே திரும்பத் திரும்ப உரித்தும் அடியில் டிராகன் தோலே இருக்கக் காண்கிறான்; அஸ்லானின் நகங்கள் ஆழமாகக் கிழித்து, அவனை நீரில் எறிந்த பின்னரே மீண்டும் சிறுவனாகிறான். ‘அவனால் ஏன் தானே உரித்துக்கொள்ள முடியவில்லை?’ என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளைகள் பேசி முடித்த பின், புதிய இருதயத்தைத் தருவதாகக் கடவுள் சொல்லும் எசேக்கியேல் 36:26-ஐ வாசியுங்கள். ஞானஸ்நானத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவர்களிடமிருந்தே எழும். அதன் பிறகும் யூஸ்டஸ் அவ்வப்போது பழைய குணத்துக்குத் திரும்பினான் என்று லூயிஸ் எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று பாடம் நடத்துவதைவிட அதுவே நேர்மையானது.

கதையும் வேதாகமமும் விலகும் இடங்களை மறைக்கவும் வேண்டாம். முதல் நூலில், கற்பீடத்தில் அஸ்லான் உயிர் கொடுப்பது எட்மண்ட் என்ற ஒரு துரோகிச் சிறுவனுக்காக. சுவிசேஷம் சொல்வதோ உலகம் முழுவதற்குமான மரணத்தை. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்னும் ரோமர் 5:8-ஐ அருகில் வைத்து, எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது என்று பிள்ளைகளையே பிரித்துச் சொல்லச் செய்யுங்கள். துரோகிகளின் உயிரைக் கோரும் அக்கதையின் சூனியக்காரிக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்ற விவாதத்துக்குள் இந்த வயதில் நுழையத் தேவையில்லை.

அடுத்து, லூயிஸ் பெரிதும் மதித்த ஜார்ஜ் மெக்டொனால்டின் ‘இளவரசியும் கோப்லினும்’ என்ற 1872-ஆம் ஆண்டு நூலை எடுக்கலாம். பாட்டி தந்த, கண்ணுக்குப் புலப்படாத நூலிழையைத் தொட்டபடியே சுரங்கத்துக்குள் சென்று, அங்கே வேலை செய்யும் சிறுவன் கர்டியை மீட்கிறாள் இளவரசி ஐரீன். அவனுக்கோ அந்த இழையும் தட்டுப்படவில்லை, அவளுடைய பாட்டியும் தெரியவில்லை. அதற்காகப் பாட்டி அவனைக் கடிந்துகொள்வதில்லை. ‘எனக்கு நம்பிக்கை வரவில்லை’ என்று தயங்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், இந்தப் பகுதியை அவசரமின்றி வாசியுங்கள். விசுவாசம் காணப்படாதவைகளின் நிச்சயம் என்னும் எபிரெயர் 11:1-ஐ மனப்பாட வசனமாகக் கொடுக்க மிகப் பொருத்தமான இடம் இது; ஆயினும் அதை அடுத்த வாரம் கொடுங்கள்.