கேள்வி-பதில்: கடைசி எழுத்தைப் பார், அப்புறம் எழுது

கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடங்களில் இலத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அருள்பணியாளர் இந்த மாதம் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: குருமடத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு இலத்தீன் எடுக்கிறேன். வேற்றுமை அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறார்கள். புதிதாக ஒரு வாக்கியம் கொடுத்தால் உளறுகிறார்கள். சிலர் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வகுப்பில் ஒன்றும் தெரியாமல் விழிக்கிறார்கள். என் வினாத்தாளை இணைத்திருக்கிறேன். எங்கே கோளாறு, தந்தையே?
– இளம் குரு ஒருவர், திண்டுக்கல்

பதில்: வினாத்தாளைப் பார்த்தேன், சாமி. கோளாறு முதல் கேள்வியிலேயே இருக்கிறது. ‘அக்ரிகோலா ஆக்வாம் போர்த்தாத்’ என்று கொடுத்திருக்கிறீர்கள். உழவன் தண்ணீர் சுமக்கிறான். இந்த மூன்று சொல்லுக்கும் பொருள் தெரிந்த எவனும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். உழவன்தான் தண்ணீரைச் சுமப்பான், தண்ணீர் உழவனைச் சுமக்காது. (வெள்ளக்காலத்தில் சுமக்கும், அது வேறு கதை.) ஆக, நீங்கள் சோதித்தது பையனின் பொது அறிவை. அவன் இலக்கணத்தை நீங்கள் தொடவே இல்லை.

அதையே இப்படி மாற்றுங்கள்: ‘அக்ரிகோலாம் புவெல்லா விதெத்.’ பார்ப்பதை உழவனும் செய்யலாம், சிறுமியும் செய்யலாம். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைக் கடைசி எழுத்து ஒன்றுதான் சொல்லும். ‘அக்ரிகோலாம்’ என்பதன் முடிவில் ‘ம்’ இருக்கிறது, எனவே அது இரண்டாம் வேற்றுமை. உழவனைச் சிறுமி பார்க்கிறாள். அரைகுறையாகப் படித்தவன், முதலில் நிற்பவன்தான் எழுவாய் என்று நினைத்து ‘உழவன் சிறுமியைப் பார்க்கிறான்’ என்று எழுதுவான். ‘அண்ணனைத் தங்கை பார்க்கிறாள்’ என்று தமிழில் சொன்னால் யாராவது குழம்புவார்களா? இலத்தீனில் மட்டும் ஏன் குழம்புகிறான்? பள்ளியில் இத்தனை வருடம் ஆங்கிலம் படித்து, சொல்லின் இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளப் பழகிவிட்டான். அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் முதல் பருவத்தின் முழு வேலை. தேர்வும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கட்டமாக ‘புவெல்லே’ என்ற ஒரே வடிவத்தை வைத்து மூன்று வாக்கியம் கொடுங்கள். ‘புவெல்லே காந்தாந்த்’ என்றால் சிறுமிகள் பாடுகிறார்கள். ‘அக்ரிகோலா புவெல்லே ரோசாம் தாத்’ என்றால் உழவன் சிறுமிக்கு ரோஜா கொடுக்கிறான். ‘அக்ரிகோலா ரோசாம் புவெல்லே விதெத்’ என்றால் சிறுமியின் ரோஜாவைப் பார்க்கிறான். இங்கே கடைசி எழுத்தும் கைவிட்டுவிடுகிறது. எழுவாய்ப் பன்மையா, நான்காம் வேற்றுமையா, ஆறாம் வேற்றுமையா என்று வினையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘ஏன் அப்படி எழுதினாய்?’ என்று ஒரு வரி கேளுங்கள். மொழிபெயர்ப்புக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு இரண்டு. குருட்டாம்போக்கில் அடித்தவன் காரணத்தில் மாட்டிக்கொள்வான்.

அடுத்தது, உங்கள் தாளின் கடைசிப் பகுதி. ‘பாத்தெர் நோஸ்தெர்’ (‘எங்கள் தந்தையே’) செபத்தை மொழிபெயர்க்கச் சொல்லி 15 மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். பால் குடிக்கிற வயதிலிருந்து தமிழில் சொல்லி வருகிற செபம் அது. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவான். அந்த 15 மதிப்பெண்தான் ஒன்றும் தெரியாதவனைக் கரையேற்றிவிடுகிறது. மனப்பாடமானதை மொழிபெயர்க்கக் கொடுக்கவே கூடாது. ஆனால் இலக்கணக் கேள்விக்கு அதைப்போல வேறு சுரங்கம் கிடையாது. முதல் வரியில் ‘இன் சேலிஸ்’ (விண்ணில்) என்று வருகிற செபத்திலேயே கடைசிப் பக்கம் ‘இன் தெந்தாத்சியோனெம்’ (சோதனைக்குள்) என்று வருகிறதே, இரண்டிலும் ‘இன்’ இருக்க, பின்னால் வரும் பெயரின் உருபு ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். முதலாவது இருக்கும் இடம். இரண்டாவது உள்ளே போகும் திசை, அதனால்தான் இரண்டாம் வேற்றுமை. ‘லீபெரா நோஸ் ஆ மாலோ’வில் (தீமையிலிருந்து எங்களை விடுவியும்) ‘நோஸ்’ என்ன வேற்றுமை, ‘மாலோ’ என்ன வேற்றுமை? திருப்பலியில் தினமும் பாடுகிற ‘ஆக்னுஸ் தேயி’யில் (இறைவனின் செம்மறியே) ‘பெக்காத்தா முந்தி’ வருகிறதே, அந்த ‘பெக்காத்தா’ ஒருமையா, பன்மையா? கடைசியில் ‘ஆ’ இருப்பதால் ‘புவெல்லா’ மாதிரி ஒருமை எழுவாய் என்று பாதி வகுப்பு எழுதும். அது அஃறிணைப் பாலில் பன்மை, அதுவும் இரண்டாம் வேற்றுமை: பாவங்களை. வாயில் இத்தனை காலமாக இருக்கிற சொல்லுக்குள் இலக்கணம் இருக்கிறது என்று அப்போதுதான் பையனுக்கு உறைக்கும்.

இன்னொன்று. விடையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, எதற்கு? ஆங்கிலத்தின் ‘a’, ‘the’ போலப் பெயருக்கு முன் ஒட்டும் சொல் இலத்தீனில் கிடையாது, தமிழிலும் கிடையாது. ‘ஆமோ’ என்று ஒரே சொல்லில் ‘நேசிக்கிறேன்’ என்று வந்துவிடுகிறது. ‘மிகி ப்ளாச்செத்’ என்பது அப்படியே ‘எனக்குப் பிடிக்கிறது’. ‘மிகி எஸ்த் லீபெர்’ என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக ‘எனக்கு’ என்பதை எழுவாயாகத் திருப்பிப் போட வேண்டும். தமிழில் ‘எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். இந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர்கள் உண்டு. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. இரண்டும் இலத்தீனில் எழுதப்பட்டவை. அவர்கள் இலத்தீன் வழியாகத் தமிழுக்கு வந்தார்கள் என்றால், நம் பையன்கள் தமிழ் வழியாக இலத்தீனுக்குப் போவதில் என்ன குறைச்சல்?

தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு. அதைத் தனியாகச் சோதியுங்கள். நமக்கு ‘நல்ல’ என்றால் எல்லோருக்கும் ‘நல்ல’ தான். நல்ல உழவன், நல்ல சிறுமி, நல்ல பரிசு. இலத்தீனில் அந்த ‘நல்ல’ பெயருக்குத் தகுந்தபடி பாலும் எண்ணும் வேற்றுமையும் மாற்றிக்கொள்ளும். ‘போனுஸ்’ என்ற சொல்லைக் கொடுத்து ‘அக்ரிகோலா’வுக்கும் ‘புவெல்லா’வுக்கும் ‘தோனும்’ (பரிசு) என்பதற்கும் பொருத்தச் சொல்லுங்கள். ‘அக்ரிகோலா போனா’ என்று எழுதுபவர்கள்தான் அதிகம். உழவன் ஆண்பால், சொல்லின் முடிவு எப்படி இருந்தாலும் ‘அக்ரிகோலா போனுஸ்’ தான்.

அட்டவணை ஒப்பிப்பதற்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண் போதும். அதை அடியோடு எடுத்துவிடாதீர்கள், மனப்பாடம் இல்லாமல் இந்த மொழிக்குள் நுழைய முடியாது.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகன் பள்ளியில் இலத்தீன் எடுத்திருக்கிறான், அடுத்த வருடம் ஜிசிஎஸ்இ என்கிற பள்ளிப் பொதுத்தேர்வு. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தப்பினால் வரி முழுவதும் போய்விடும் என்று பயப்படுகிறான். தெரியாத வரியை அப்படியே விட்டுவிடுகிறான். மதிப்பெண் எப்படிப் போடுவார்கள், ஃபாதர்?
– ஒரு தாய், லண்டன்

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. அந்தத் தேர்வை நடத்தும் வாரியங்களில் ஒன்றான ஓசிஆரின் முறையைச் சொல்கிறேன், மற்றதற்கு அவன் ஆசிரியரைக் கேளுங்கள். மொழிபெயர்க்கும் பகுதியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண் வைக்கிறார்கள். சுத்தமாக இருந்தால் 5. ஒரே ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் 5 தான். ஒரு பெரிய தப்பு என்றால் 4. மொத்தப் பொருள் தெளிவாக வந்து தப்புகள் கூடினால் 3. தொடர்ச்சியே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல் மட்டும் தெரிந்திருந்தாலும் 1 உண்டு. வெறுமையாக விட்டாலோ, எழுதியதில் மதிப்பெண்ணுக்குத் தகுந்தது எதுவுமே இல்லாவிட்டாலோதான் பூஜ்யம். அதனால் எதையாவது எழுதச் சொல்லுங்கள். முன்னால் செய்த தப்பின் விளைவாகப் பின்னால் வருகிற தப்புக்கு மறுபடி குறைக்க மாட்டார்கள்.

படிக்க வேண்டிய சொற்பட்டியல் 450 சொற்கள். அதை நீங்களே கேட்டு வாங்கலாம், இலத்தீன் தெரிய வேண்டியதில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சமைக்கும்போது கேளுங்கள். காலம் காட்டும் எழுத்தில் மட்டும் அவனைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். ‘ஆமாபாத்’ என்றால் நேசித்துக்கொண்டிருந்தான், ‘ஆமாபித்’ என்றால் நேசிப்பான். இடையில் இருப்பது ஒரே ஓர் உயிரெழுத்து. இன்னும் மோசமான ஜோடி ‘ரெஜித்’ (ஆள்கிறான்), ‘ரெஜெத்’ (ஆள்வான்). ‘பா’, ‘பி’ எதுவும் இல்லாததால் இதையும் நிகழ்காலம் என்றே எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த வினை எந்த வகுப்பு என்று தெரியாமல் இதில் தப்பிக்க முடியாது.

கேள்வி: அமெரிக்காவில் இலத்தீனுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற தேர்வு நடத்துகிறார்களாமே. நமக்கும் அப்படி வைத்தால் திருத்துவது சுலபம் இல்லையா?
– அருள்சகோதரி ஒருவர், தூத்துக்குடி

பதில்: திருத்துவது சுலபம்தான், சிஸ்டர். அங்கே தேசிய இலத்தீன் தேர்வில் 45 நிமிடத்தில் 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். தாளையே படிக்காமல் கோடு போட்டாலும் சராசரியாகப் பத்து சரியாக விழும். ஆர்வத்தைக் கிளப்ப நல்லது. வாக்கியத்தைப் பையன் எந்த வரிசையில் பிரித்தான், எங்கே வழுக்கினான் என்பது அதில் தெரியாது. எனக்கு அதுதான் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் வையுங்கள், பருவத் தேர்வுக்கு வேண்டாம்.

கேள்வி: குருக்கள் இனியும் இலத்தீன் எழுதித் தேற வேண்டுமா? பூசையே தமிழில்தானே?
– பங்குப் பேரவை உறுப்பினர், நாகர்கோவில்

பதில்: வேண்டும். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 249-ஆம் எண், குருமாணவர்கள் தாய்மொழியைக் கவனமாகக் கற்க வேண்டும், இலத்தீனும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. தாய்மொழியும் அதே வரியில்தான் இருக்கிறது. சில பிரசங்கங்களைக் கேட்டால் அந்தப் பாதிதான் எனக்கு அதிகக் கவலை.

கேள்வி: தாவரவியல் முதலாண்டு படிக்கிறேன். மரப்பெயர்களுக்காக இலத்தீன் கொஞ்சம் படிக்க ஆசை. எனக்கு நானே தேர்வு வைத்துக்கொள்ள ஒரு கேள்வி தர முடியுமா?
– மாணவி, திருச்சி

பதில்: புதிய இனத்தை இலத்தீனில் விவரித்தே ஆக வேண்டும் என்ற விதி 2012 ஜனவரி 1-உடன் தளர்ந்துவிட்டது, ஆங்கிலமும் போதும். பெயர் மட்டும் இன்றும் இலத்தீன்தான். அதனால் ஆசை வீண் போகாது.

கேள்வி இதோ. புளியமரம் ‘தமாரிந்துஸ் இந்திகா’. அரசமரம் ‘ஃபீகுஸ் ரெலிகியோசா’. முதல் சொல் ‘உஸ்’ என்று ஆண்பால் மாதிரி முடிய, இரண்டாவது ஏன் ‘ஆ’ என்று பெண்பாலில் முடிகிறது? ‘இந்திகுஸ்’, ‘ரெலிகியோசுஸ்’ என்று ஏன் வரவில்லை? இலத்தீனில் மரங்களின் பெயர் பெரும்பாலும் பெண்பால், முடிவு எப்படி இருந்தாலும். மேலே திண்டுக்கல் சாமிக்குச் சொன்ன ‘அக்ரிகோலா போனுஸ்’ இதற்கு நேர் எதிர்.

அடுத்து மாமரத்தை எடுத்துக்கொள். ‘மங்கிஃபேரா’ என்றால் மாங்காய் தாங்குவது. நம் மாங்காயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் இலத்தீன் வாலை ஒட்டியிருக்கிறார்கள். தென்னைக்கு ‘கோகோஸ் நூசிஃபேரா’, அதே ‘ஃபேரா’. இப்போது பனைமரம்: ‘பொராசுஸ் ஃபிளபெல்லிஃபெர்’. விசிறி தாங்குவது என்று பொருள். மேலே சொன்ன மரமெல்லாம் பெண்பாலாக இருக்க, இது மட்டும் ‘ஃபிளபெல்லிஃபேரா’ ஆகாமல் ஆண்பால் வடிவத்தில் நிற்கிறது. ‘பொராசுஸ்’ என்பதை ஆண்பாலாகவே வழங்கி வருகிறார்கள். ஊரில் உள்ள மரங்களுக்கெல்லாம் பெயர் எழுதி, எது எந்தப் பால் என்று குறித்து அனுப்பு, அம்மா. திருத்தித் தருகிறேன். வேம்பை மறந்துவிடாதே.