பழைய சில்வர் ஃபில்லிங்கை எடுக்கலாமா, எடுத்தால் எப்படி?

கடைவாய்ப் பல்லில் வருடக்கணக்காக இருக்கும் சில்வர் ஃபில்லிங்கில் பாதரசம் இருக்கிறதாமே, அதைப் பத்திரமாக எடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பல் இப்போது ஏதாவது தொந்தரவு தருகிறதா? இல்லை என்றால் என் பதில், அதைத் தொடாதீர்கள் என்பதுதான்.

பாதரசம் இருப்பது உண்மை. எடையில் ஏறக்குறைய பாதி அதுதான், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. எல்லாம் சேர்ந்து இறுகிவிடுவதால், மெல்லும்போதும் தூக்கத்தில் பல்லை நறநறக்கும்போதும் மிகக் கொஞ்சமாகத்தான் ஆவி வெளியே வரும். இது பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கிறதா என்று அமெரிக்காவிலும் லிஸ்பனிலும் ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் வைத்துப் பல வருடம் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2006-இல் வந்தன. பாதரச ஃபில்லிங் வைத்தவர்களுக்கும் வெள்ளை ஃபில்லிங் வைத்தவர்களுக்கும் நினைவாற்றலிலோ அறிவுத்திறனிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்களுக்குப் புதிதாக இதை வைக்க வேண்டாம் என்றது. அதே அறிவிப்பிலேயே, நன்றாக இருக்கும் பழையதைத் தேவையில்லாமல் பிடுங்கவும் வேண்டாம் என்றது. வாட்ஸ்அப்பில் சுற்றும்போது இந்த இரண்டாவது பாதி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

ஐரோப்பாவே தடை செய்துவிட்டதே என்பீர்கள். 2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக வைப்பதற்குத் தடைதான், பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளும் 2034-க்குள் நிறுத்துவதாக ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் பெரிய கவலை சாக்கடைக்கும் சுடுகாட்டுப் புகைக்கும் போய்ச்சேரும் பாதரசம். பாதரசம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விஷயத்தில் நாமே பார்த்தோம், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அது உங்கள் வாயில் இருப்பதை அவசரமாக நோண்டுவதற்கான காரணம் ஆகாது.

எப்போது எடுக்க வேண்டும்? ஃபில்லிங் உடைந்தால், ஓரம் விரிந்து அடியில் மறுபடி சொத்தை வந்தால், அதை ஒட்டிய கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புண் போல வந்து ஆறாமல் இருந்தால். எனக்கு இரண்டு பற்களில் இருந்தது. ஒன்றின் அடியில் சொத்தை வந்ததால் எடுத்தேன், இன்னொன்று இன்றும் அப்படியே இருக்கிறது, அதில்தான் முறுக்கு கடிக்கிறேன்.

எடுக்கும்போது எல்லோரும் பயப்படுவது துகளை விழுங்கிவிடுவோமோ என்று. உலோகப் பாதரசத்தைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. மூக்கு வழியாகப் போகும் ஆவிதான் கவனிக்க வேண்டியது, சுவாசித்ததில் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். டிரில் சூட்டில் ஆவி கிளம்பும், அதனால் எல்லா ஏற்பாடும் சூட்டையும் ஆவியையும் குறைப்பதற்குத்தான். அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ரப்பர் டேம் (ரப்பர் விரிப்புதான்) மாட்ட வேண்டும், தண்ணீர் நிறுத்தாமல் பீய்ச்ச வேண்டும், எச்சில் உறிஞ்சும் சின்னக் குழாய் போதாது, வேகமாக இழுக்கும் பெரிய சக்‌ஷன் பல்லுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் முழுவதையும் அரைத்துத் தூளாக்காமல், வெட்டிப் பெரிய துண்டுகளாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் நல்லது. எனக்குச் செய்த பல் டாக்டர் சிரித்துக்கொண்டே, "தண்ணி விடாம எடுத்தா உங்களுக்கு ஒரு நாள் சார், எனக்குத் தினமும் மூச்சுல போகும்" என்றார். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ரப்பர் டேம் போடுவீர்களா என்று போனில் கேட்டுவிடுங்கள், தயங்கினால் வேறு கிளினிக் பாருங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். பழையதை எடுக்கும்போது கொஞ்சம் நல்ல பல்லும் சேர்ந்தே போகும். ஆழமான ஃபில்லிங் என்றால் நரம்பு வரை தொந்தரவு போய் ரூட் கேனல், கேப் என்று செலவு நீளலாம். பதிலுக்கு வைக்கும் காம்போசிட் (வெள்ளை ஃபில்லிங்தான்), கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் பழைய வெள்ளி அளவுக்கு நாள் தாங்காது, ஈரம் பட்டால் சரியாக ஒட்டவும் ஒட்டாது.

எடுத்த சில நாட்களுக்கு ரத்தத்தில் பாதரசம் கொஞ்சம் கூடி, பிறகு மெல்லக் குறையும். இதைக் காட்டித்தான் சில இடங்களில் டீடாக்ஸ் பேக்கேஜ், கீலேஷன் டிரிப் (உடம்பிலிருந்து உலோகத்தை இழுக்கும் மருந்தை ஏற்றுவது) என்று தலையில் கட்டப் பார்க்கிறார்கள். என் அலுவலக நண்பர் ஒருவருக்கு, பாதரசத்தை வெளியே இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் சிறுநீரைச் சோதித்து, "பாருங்க எவ்வளவு இருக்கு" என்று காட்டினார்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் யாருக்குமே அளவு கூடித்தான் தெரியும். உண்மையான பாதரச விஷத்துக்குக் கொடுக்கிற மருந்து அது, சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், அதோடு உடம்புக்குத் தேவையான தாதுக்களையும் இழுத்துக்கொண்டு போகும். வெறும் ரத்தப் பரிசோதனையும் குழப்பும், சுறா மாதிரி பெரிய மீன் அடிக்கடி சாப்பிடுபவருக்கு ஃபில்லிங்கே இல்லாமலும் அளவு ஏறியிருக்கும்.

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ, வலியோ உடைசலோ இல்லாத ஃபில்லிங்கை இப்போது எடுக்க வேண்டாம், தள்ளிப் போடச் சொல்லுங்கள்.