வங்கி மேசையிலிருந்து மேயர் நாற்காலிக்கு

கேள்வி: ஜப்பானில் பெரிய வங்கியொன்றில் பொருளாதார ஆய்வாளராக இருந்த ஷின்ஜி இஷிமாரு, சிறு நகர மேயராகி, டோக்கியோ ஆளுநர் தேர்தலில் இரண்டாம் இடமும் பிடித்தார். ஆனால் அவர் தொடங்கிய கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. நிதி நிர்வாகம் அறிந்தவர்களை ஜப்பானியர் விரும்புவதில்லையா? (வாசகர், காரைக்குடி)

பதில்: விரும்பாமலா 2024 ஜூலையில் 16 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமான டோக்கியோவாசிகள் அவருக்கு வாக்களித்து, எதிர்க்கட்சிகள் ஆதரித்த ரென்ஹோவையே மூன்றாமிடத்துக்குத் தள்ளினார்கள்? அவரிடம் அவர்கள் விரும்பியது எதை என்று கேளுங்கள். நிதி அறிவை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பானில் வங்கியிலிருந்து அரசியலுக்கு வருவது புதுமையன்று. ஹிரோஷிமாக்காரரான முன்னாள் பிரதமர் ஃபுமியோ கிஷிடாவும் வங்கியில் பணியாற்றியவர்தான். ஐந்தாண்டுகளில் விலகி, நாடாளுமன்ற உறுப்பினரான தந்தைக்குச் செயலராகி, அவர் மறைந்தபின் 1993இல் அந்த இடத்துக்கே வந்தார். இஷிமாருவுக்கு அப்படிப்பட்ட தந்தை இல்லை. அவருடைய சொந்த ஊரான, அதே ஹிரோஷிமாவின் அகிடகாடாவில், முன்னாள் நீதி அமைச்சர் ஒருவரிடம் பணம் பெற்ற விவகாரத்தில் மேயர் பதவி விலகியதால் 2020இல் தேர்தல் வந்தது. வங்கி வேலையை உதறிவிட்டு நின்ற இஷிமாரு 37 வயதில் வென்றார். இதுவரை பாராட்டத்தான் வேண்டும்.

சிக்கல் அதன் பிறகுதான். ஜப்பானிய உள்ளாட்சியில் மேயரையும் நகர மன்ற உறுப்பினர்களையும் மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே மன்றம் மேயருக்குக் கீழ்ப்பட்ட ஒரு துறையன்று, அவரைக் கண்காணிக்க அதே மக்கள் அனுப்பிய இன்னோர் அமைப்பு. இஷிமாருவோ கூட்டத்தில் தூங்கிய உறுப்பினரைச் சமூக ஊடகத்தில் அம்பலப்படுத்தினார். மன்றத்தின் 16 இடங்களை எட்டாகக் குறைக்க முயன்று தோற்றார். ‘வெட்கம் அறியுங்கள்’ என்ற அவரது மன்றப் பேச்சைக் காணொளியில் நாடே பார்த்தது. நெடுஞ்சாலை ஓய்வு நிலையத்தில் முஜி என்னும் பிரபல வீட்டுப் பொருள் நிறுவனத்தின் கடையைக் கொண்டுவரும் நல்ல திட்டத்தில்கூட, வடிவமைப்புச் செலவை மன்றத்தைக் கேளாமல் தமது தனி அதிகாரத்தில் முடிவு செய்தார். மன்றம் மறுத்து நின்றது, திட்டமும் நின்றது. ஓர் உறுப்பினர் தம்மை மிரட்டியதாக அவர் எழுதியது அவதூறு வழக்காகி, 3 லட்சத்து 30 ஆயிரம் யென் இழப்பீடு வழங்குமாறு நகராட்சிக்கு உத்தரவானது. நகரின் கணக்கைச் சீராக்க வந்தவரால் அந்தக் கணக்கில் ஏறிய செலவு அது!

டோக்கியோவில் கிடைத்த வாக்குகள் அந்தக் காணொளிகளின் விளைச்சல் என்பேன். காணொளி ஒருவரைப் புகழடையச் செய்யும். அவர் நிறுத்தும் வேட்பாளருக்கு அந்தப் புகழ் ஒட்டாது. 2025இல் அவர் தொடங்கிய ‘மறுபிறப்பின் பாதை’ கட்சி, பதவிக்கால வரம்பை வலியுறுத்தியதே தவிர, டோக்கியோ பேரவைத் தேர்தலில் கட்சிக்கென்று கொள்கை எதையும் வகுக்கவில்லை. ஜூனில் டோக்கியோ பேரவைக்கு நின்ற 42 பேரும், ஜூலையில் நாடாளுமன்ற மேலவைக்கு நின்ற 10 பேரும் தோற்றார்கள். இரண்டிலும் அவர் நிற்கவில்லை. ஆகஸ்டில் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார்.

இன்னொரு முடிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோ அவருக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்த அதே 2024 ஜூலை 7 அன்று அகிடகாடாவிலும் மேயர் தேர்தல் நடந்தது. இஷிமாருவின் வழியைத் தொடர்வேன் என்று நின்றவரை, நான்காண்டுகள் அவரை அருகிலிருந்து பார்த்த அந்த ஊர் தோற்கடித்தது.