கொசுவுக்கு விட்ட மீன்: வாசகர் கேள்விகள்

கொசுப்புழுவைத் தின்ன மீன் விடுவது பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தோட்டத்தில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா என்ற சிறு மீனை விடலாமா?

குளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் பாருங்கள். வாய்க்கால், ஓடை என எதில் போய்ச் சேர்ந்தாலும் விட வேண்டாம். கம்பூசியா முட்டையிடாது, குட்டி போடும். இதமான காலத்தில் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஈனும். ஆணின் விந்தைப் பெண் மீன் தன் உடலிலேயே மாதக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் சினையான ஒரே ஒரு மீன் தப்பினாலும் போதும், ஓடையில் ஒரு கூட்டமே உருவாகிவிடும்.

நூறு வருடமாக உலகம் முழுக்க விட்ட மீன்தானே? அரசாங்கங்களே விட்டனவே, அதில் என்ன கெடுதல்?

விட்டது உண்மைதான். 1905-ல் டெக்சாஸிலிருந்து ஹவாய்க்குப் போனது. 1921-ல் ஸ்பெயின், 1925-ல் ஆஸ்திரேலியா. இத்தாலியிலிருந்து 1928-ல் இந்தியாவுக்கு வந்தது. மலேரியா ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோன காலம் அது. அன்று கையில் வேறு வழி அதிகம் இல்லாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிறகு நடந்ததைப் பார்த்த பின்னும் அதையே செய்வது தவறு.

இந்த மீனுக்குக் கொசுப்புழு பல தீனிகளில் ஒன்று, அவ்வளவுதான். மற்ற மீன்களின் முட்டை, அப்போதுதான் பொரித்த குஞ்சு, சிறு தலைப்பிரட்டை, நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள் எல்லாவற்றையும் தின்னும். தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பைக்கூடக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. தட்டானின் இளம்புழுவும் மல்லாந்து நீந்தும் பூச்சிகளும் காலங்காலமாகக் கொசுப்புழுவைத் தின்று வந்தவை. கம்பூசியா அவற்றையும் விடுவதில்லை. கொசுவைப் பிடிக்க விட்ட மீன், கொசுவின் பழைய எதிரிகளைக் காலி செய்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் எட்ஜ்பாஸ்டன் என்ற இடத்து ஊற்றுகளில் மட்டும் இயற்கையாக வாழ்வது செந்துடுப்பு நீலக்கண் மீன். விரல் நீளம்கூட வராது. கம்பூசியா புகுந்த ஊற்றுகளில் அது ஒவ்வொன்றாக இல்லாமல் போனது. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற ஊற்றுகளைச் சுற்றித் தடுப்புகள் கட்ட வேண்டியதாயிற்று. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் கம்பூசியாவும் இருக்கிறது. கொசு ஒழிப்புக்கு இதைப் பரிந்துரைப்பதை உலக சுகாதார நிறுவனமே 1982-ல் நிறுத்திவிட்டது.

மீன் விட்ட பிறகு குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. மீன்தான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். கண்ணுக்குத் தெரியாத பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பவை தெள்ளுப்பூச்சி போலத் துள்ளும் மிகச் சிறிய நீருயிர்கள். மீன் அவற்றைத் தின்று தீர்த்ததும் பாசியை மேய ஆளில்லை. மீனின் கழிவோ பாசிக்கு உரம். 1972-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், செயற்கைக் குட்டைகளில் கம்பூசியாவை விட்டுப் பார்த்தபோது இதேதான் நடந்தது. உரம் கூடுதலாகச் சேர்ந்தாலும் தண்ணீர் பச்சையாகும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கப்பி மீன் சாதுவானதுதானே?

அதுவும் குட்டி போடும் மீன், சாக்கடைத் தண்ணீரையும் தாங்கும். கம்பூசியா அளவுக்குக் கடிக்காது, ஆனால் பரவுவதில் சளைத்ததில்லை. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் இருக்கட்டும்.

நத்தை, நீர்க்களை இவற்றுக்கு மீன் விடலாமா?

நத்தைக்கு ஓர் அனுபவம் சொல்கிறேன். பில்ஹார்சியா என்ற புழு நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்க, நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்னும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட் மீனைக் கேமரூனில் விட்டுப் பார்த்தார்கள். அந்த மீனின் தொண்டைத் தாடை அது தின்னும் இரைக்கு ஏற்ப வளரும். மென்மையான இரை கிடைக்கும் இடத்தில் வளர்ந்தவற்றுக்குத் தாடை சிறுத்து, நத்தையை நொறுக்கும் பலமே வரவில்லை. ஒரு மீன் தன் ஊரில் தின்பதைப் புது இடத்திலும் தின்னும் என்று கணக்குப் போட முடியாது.

களைக்குப் புல்கெண்டை விடுவார்கள். செடியைத் தின்னும், சரி. ஆனால் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும் செடிகளும் அதோடு போய்விடும். புல்கெண்டையோடு ஆசிய நாடாப்புழுவும் பல நாடுகளுக்குப் போய், அங்குள்ள மீன்களைப் பிடித்தது. விட்டே ஆக வேண்டும் என்றால் குஞ்சு பொரிக்காத மலட்டு மீனை, அனுமதி வாங்கி, அடைப்புள்ள குளத்தில் மட்டும் விடுங்கள்.

அப்படியானால் கொசுவுக்கு என்னதான் செய்வது?

தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், தொட்டியை மூடுங்கள் அல்லது நெருக்கமான வலை கட்டுங்கள். கொட்ட முடியாத தண்ணீருக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. 1976-ல் இஸ்ரேலில் கண்டெடுத்த பாக்டீரியா அது. கொசுப்புழுவின் குடலைத் தாக்கும், மீனையும் தவளையையும் ஒன்றும் செய்யாது. சில வாரங்களில் மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே கம்பூசியா பெருகிவிட்டது. எப்படி ஒழிப்பது?

வலை போட்டு முழுதாகப் பிடிக்க முடியாது, தப்பிய சிலவே மறுபடி பெருகும். குளத்தை வற்றவிடுவதுதான் வழி. அதற்கு முன் வெளியேறும் வழியில் மிக நெருக்கமான கண்ணுள்ள வலையைக் கட்டுங்கள். அன்றுதான் பிறந்த குட்டி அரை அங்குலம்கூட இருக்காது. பிடித்ததை இரக்கப்பட்டு ஓடையில் விட்டுவிடாதீர்கள், மீன்வளத் துறையிடம் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அப்புறம் குளத்து மூலையில் நிற்கும் சேற்றுக் குழிகளையும் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்த அந்தக் கலங்கலிலும் இது உயிரோடு இருக்கும். அடிமண் வெயிலில் காய்ந்து வெடிப்பு விடும்வரை மறுபடி தண்ணீர் விட வேண்டாம்.