பாலே பற்றி எதுவும் தெரியாதவர்கள் 'தி ஒயிட் க்ரோ' படத்தைப் பார்த்தால் புரியுமா?

தாராளமாகப் புரியும். நானே அப்படிப் பார்த்தவன்தான். கால்விரல் நுனியில் நின்று ஆடுவார்கள் என்பதற்கு மேல் பாலேயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு உள்ளங்கை வியர்த்த காட்சியில் யாரும் ஆடுவதே இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் தலைப்பு. நம்மூரில் 'அதோ வெள்ளைக் காக்கா பறக்குது' என்றால் யாரோ நமக்குக் காது குத்துகிறார்கள் என்று அர்த்தம். அதனால் ஏதோ ஏமாற்றுக்காரன் கதை போல என்றுதான் உட்கார்ந்தேன். ரஷ்ய மொழியில் வெள்ளைக் காக்கை என்றால் கூட்டத்தோடு ஒட்டாத ஆளாம். படத்தின் நாயகனான சோவியத் பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியேவுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

1938இல் சைபீரியா வழியாக ஓடிக்கொண்டிருந்த ரயிலில் பிறந்தவர். வளர்ந்தது ஊஃபா என்ற ஊரில், வறுமையில். ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு அம்மா பிள்ளைகள் எல்லோரையும் தியேட்டருக்குள் நுழைத்துவிட, அங்கே பார்த்த பாலே சிறுவனைப் பிடித்துக்கொண்டது. லெனின்கிராட் பாலே பள்ளியில் சேரும்போது வயது 17. அந்தக் கலைக்கு அது ரொம்பத் தாமதம். விட்டதைப் பிடிக்கும் அவசரம் படம் முழுக்க அவர் முகத்தில் தெரிகிறது.

ஆள் நல்லவர் இல்லை. பாரிஸ் உணவகத்தில் பரிமாறுபவர் தன்னை ஏளனமாகப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, கூட வந்த பாரிஸ் தோழி கிளாரா மேல் எரிந்து விழுவார். 'போடா' என்று டிவியை அணைத்துவிடலாமா என்றிருந்தது. நாயகனைக் கழுவித் துடைத்துக் காட்டாததுதான் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த விஷயம். நூரியேவாக வரும் ஓலெக் இவென்கோ நிஜத்தில் பாலே கலைஞர். வசனக் காட்சிகளில் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறார்; ஆடும்போது அந்தக் குறை மறந்துவிடுகிறது. இயக்கிய ரால்ஃப் ஃபைன்ஸே ஆசிரியர் புஷ்கினாக வந்து, குரலை உயர்த்தாமல் ரஷ்ய மொழி பேசுகிறார். (கவிஞர் புஷ்கின் இல்லை, அதே பெயர்கொண்ட நடன ஆசிரியர். பின்னாளில் இன்னொரு பாலே நட்சத்திரமான பாரிஷ்னிகோவும் இவரிடம்தான் படித்தார்.)

சரி, அந்தக் காட்சி. 1961 ஜூன் 16, பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையம். நூரியேவ் ஆடும் லெனின்கிராட் கிரோவ் பாலே குழு லண்டனுக்குக் கிளம்புகிறது. நூரியேவை மட்டும் நிறுத்தி, 'நீ மாஸ்கோ போகிறாய், கிரெம்ளினில் ஆட வேண்டும்' என்கிறார்கள். போனால் திரும்ப வெளிநாட்டுப் பக்கம் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தகவல் கிடைத்து ஓடிவரும் கிளாரா, அவருக்குப் புகலிடம் கேட்டு பிரெஞ்சுப் போலீசாரிடம் போகிறாள். 'நாங்கள் போய் அவரைக் கூட்டிவர முடியாது, அவராகத்தான் எங்களிடம் வர வேண்டும்' என்கிறார்கள். அவள் விடைபெறுவது போலக் கட்டியணைத்துக் காதில் அதைச் சொல்லிவிட்டு, காபி விற்கும் இடத்தில் போய் நிற்கிறாள். பக்கத்தில் மப்டியில் போலீசார். இவருக்கு இரண்டு பக்கமும் சோவியத் காவல் ஆட்கள். நடுவில் சில அடி தூரம்தான். மேடையில் அவ்வளவு உயரம் தாவுகிறவர் அதைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் பாருங்கள்!

குறை இல்லாமல் இல்லை. ஊஃபா, லெனின்கிராட், பாரிஸ் என்று மூன்று காலங்களையும் மாற்றி மாற்றிக் காட்டுவதில் முதல் அரை மணி நேரம் குழப்பும். சிறுவயதுக் காட்சிகளில் நிறம் வெளிறியிருக்கும், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் கலந்து வருவதால் சப்டைட்டில் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம்.

ஆங்கிலேய பாலே நட்சத்திரம் மார்கோ ஃபோன்டெய்னோடு ஆடிய புகழ்பெற்ற வருடங்களைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். படம் 1961ஐத் தாண்டுவதில்லை. ஊரில் விட்டுவந்த அம்மாவைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது 1987இல்தான், அதுவும் அம்மா மரணப் படுக்கையில் இருந்தபோது. இதைத் தெரிந்துகொண்டு ஊஃபா காட்சிகளை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன்.